நாக்கு நீட்டும் சுவர்கள்

லித் கிராமத்து ஒனேசிம் தார்பெலே எப்போதும் "பாதை" என்று மட்டும்தான் சொல்வார். எந்தப் பாதை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. வண்டிகள் சுரங்கவழிக்குள் புகுந்து மறையும் இடத்தில் பழைய சாலை தனியாகப் பிரிந்து கணவாய்க்கு ஏறுகிறது. அங்கிருந்து உச்சியிலுள்ள எல்லைக்கல் வரை அவருடையது. காகிதத்தில் அது சுவிஸ் அரசாங்கத்துடையதுதான். ஆனால் மீசை அரும்பிய வயதில் வேலைக்குச் சேர்ந்து, போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறும்வரை, அதில் பனி வாரியதும் கல் பொறுக்கியதும் சுவர் எழுப்பியதும் அவர்தான். அதன் எந்த வளைவில் எந்த மாதம் தண்ணீர் கசியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

எல்லைக்கல்லுக்கு அப்பால் தெற்கே இறங்கும் பாதை இத்தாலிக்காரர்களுடையது. அதில் அவர் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

இது நம்பக் கஷ்டமான விஷயம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆவோஸ்தா நகரத்துச் சந்தைக்கு அவர் எத்தனையோ தடவை போயிருக்கிறார். மனைவி அதெலினுக்குக் காலணி, தனக்குக் கோடரி, மகனுக்குக் கல்யாணக் கோட்டு எல்லாம் அங்கே வாங்கியவைதான். ஆனால் லித்காரர்கள் எல்லாரையும் போலச் சுரங்கவழியாகப் போய்ச் சுரங்கவழியாக வந்துவிடுவார். பனிக்காலத்தில் மேலே பாதை மூடியிருக்கும். வெயில் காலத்தில் அவருக்கு வேலை இருக்கும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், வேலை செய்கிற இடத்தைத் தாண்டிப்போய் வேறொருவன் வேலையைப் பார்த்து நிற்பதா என்று கேட்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரணத்தின் பெயர் இலாரியோ மார்கோ.

ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டு நாட்டுப் பனி வாரும் எந்திரங்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் உச்சியை நோக்கி ஏறிவரும். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வீட்டுச் சுவர் கனத்துக்குப் பனி நிற்கும். அதை எந்திரத்தால் உடைக்க மாட்டார்கள். மண்வெட்டியால் துளை போட்டு, அந்தத் துளை வழியாக ஒயின் புட்டியை நீட்டுவார்கள். யாருடைய புட்டி முதலில் மறுபக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு அந்த வருஷம் வெற்றி. அதன்பிறகு எல்லைக்கல்லைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. இவர்கள் கறுப்பு ரொட்டியும் காற்றில் உலர்த்திய மாட்டிறைச்சியும் கொண்டுவருவார்கள். அவர்கள் உப்பிட்ட பன்றித் தொடையும் ஃபொன்தினா பாலாடைக்கட்டியும் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் வீட்டில் பேசுவது ஒரே மலைப்பேச்சு என்பதால் சண்டை போட வசதியாக இருக்கும்.

இலாரியோ தெற்குப் பக்கத்துக் கூட்டத்தின் தலைவர். ஒனேசிமின் வயதுதான்.

"உங்களுது நிழல்ல வளந்த பாதையா, சோகை புடிச்சுக் கெடக்கு," என்பார் அவர்.

"உங்களுக்குப் பாதிப் பனியைச் சூரியன் உருக்கிக் குடுத்துடுது. மீதியை ஊதித் தள்ளிட்டு வந்து உக்காந்துக்கறீங்க. அதுக்குப் பேரு வேலையாய்யா?" என்பார் இவர்.

இந்தப் பேச்சு ஒரு வருஷம் வெறும் பேச்சாக நிற்காமல் போனது. ஒனேசிமின் மகன் கல்யாணத்துக்கு இலாரியோ கணவாய் ஏறி, வடக்குப் பாதையில் இறங்கி லித்துக்கு வந்தார். வழிநெடுக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்ததால், தேவாலயத்தில் மோதிரம் மாற்றிய பிறகுதான் வந்து சேர்ந்தார். விருந்தில் உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே பாதையைப் பற்றித்தான்.

"ஏன்யா, உன் சுவரெல்லாம் போற வர்ற வண்டியைப் பாத்து நாக்கை நீட்டுதே, என்ன மரியாதை அது?"

மண்டபமே சிரித்தது. ஒனேசிமின் காது சிவந்தது. அந்த நாக்குகள் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இளவயதில் அவர் தனியாகக் கட்டிய முதல் தடுப்புச் சுவர் இரண்டாவது வசந்தத்திலேயே வயிறு தள்ளிச் சரிந்து விழுந்தது. அந்தக் கோடை முழுவதும் அவர் மற்றச் சுவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். சுவரில் விட்ட துளை வழியாக வெளியே வரும் தண்ணீர், கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கி, அடிக்கல்லுக்குள் திரும்பப் புகுந்துவிடுகிறது. இரவில் அங்கே உறைந்து சுவரைத் தூக்குகிறது. அடுத்த சுவரில் ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு தட்டைக் கல்லை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்தார். தண்ணீர் அந்தக் கல்லின் நுனிவரை வந்து, சுவருக்கு எட்டத் தள்ளி விழுந்தது. கல்லைச் சரிவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பது அவர் பழக்கம். அதன்பிறகு அவர் கட்டிய எதுவும் விழவில்லை.

"நாக்கு இருக்கற சுவரு நிக்கும். உன் சுவருக்கு வாயும் கெடையாது, நாக்கும் கெடையாது. ஊமைச் சுவரு," என்றார் ஒனேசிம்.

"சரி, இப்படிப் பண்ணலாம்," என்றார் இலாரியோ. "நான் உன் பாதையைப் பாத்துட்டேன். ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீ ஒரு நாள் எங்க பாதையில இறங்கி எத்ரூப்லுக்கு வா. எங்க ஆளுங்க முன்னாடி உக்காந்து, எது ஒசத்தின்னு நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன். நீ வாயாடி, ஆனா பாதை விஷயத்துல பொய் சொல்ல மாட்டே."

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஒனேசிமைக் கட்டிப்போட்டது. இறங்கிப் போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தில் பெரிதாகப் படிக்கவில்லை. பாட்டு வராது, மாட்டுச் சண்டைப் போட்டியில் பரிசாகத் தரும் மணி ஒன்றைக்கூட வென்றதில்லை. ஆயுளுக்கும் அவரிடம் காட்ட இருந்தது அந்தப் பாதை ஒன்றுதான். அது இரண்டாவது என்று தன் வாயாலேயே சொல்ல நேர்ந்தால்? அதனால் ஒவ்வொரு ஜூனிலும் "அடுத்த வருஷம்" என்றார். அப்படியே வருஷங்கள் ஓடின.

இந்த ஜூனில் அவர் வேலைக்காரராக இல்லாமல் விருந்தாளியாக மேலே போனார். இலாரியோவும் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். "இனிமே என்னய்யா சாக்கு?" என்று கேட்டார். ஜூலையில் தெற்குக் கூட்டம் எத்ரூப்லில் சேர்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று.

அன்று காலை அதெலின் சுபாரு காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பல வருஷம் மலைப்பண்ணைகளில் பால் எடுக்கும் லாரி ஓட்டியவள். எந்த வளைவுக்கும் அசர மாட்டாள்.

"நான் ஓட்டறேன். நீ ஓட்டினா சுவரைப் பாத்துக்கிட்டே பள்ளத்துல விட்டுடுவே."

"மெதுவாப் போ."

"மெதுவாத்தான் போறேன். பொணத்துக்குப் பின்னால போற மாதிரி மூஞ்சியை வெச்சுக்காதே மனுஷா."

மலையேறுமுன் கடைசி ஊரான புர்-சான்-பியரில் காப்பிக்கு நிறுத்தினார்கள். கடைக்காரி எங்கே பயணம் என்று கேட்டாள். எத்ரூப்ல் என்று அதெலின் சொன்னதும் எல்லா மேசைகளும் திரும்பிப் பார்த்தன.

"தீர்ப்பு சொல்லவா?" என்றான் மூலையிலிருந்த மரவியாபாரி. "தோத்துட்டு வந்தா இந்த வழியா வராதே ஒனேசிம். சுரங்கத்துல பூந்து அப்படியே போயிடு."

"உன் லாரி என் சுவர்ல இடிச்சப்போ உன்னைத் தாங்கினது எந்த நாட்டுச் சுவரு?" என்று கேட்டுவிட்டு ஒனேசிம் காப்பியை ஒரு வாய் குடித்தார். ஆனால் மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பழைய சாலை பிரியும் இடத்தில் திரும்பி ஏறத் தொடங்கியதும் அவர் முகம் தெளிந்தது. இது தன் இடம். ஒவ்வொரு சுவரும் வரிசையாக நாக்கை நீட்டி நின்றது. சில நாக்குகள் நுனி உடைந்திருந்தன. வசந்தத்தில் பனிக்கட்டி தொங்கி அதன் கனத்தில் ஒடிவது வழக்கம்தான். ஜூனில் புதுக்கல் வைப்பார். இந்த வருஷம் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை போலும். அதெலின் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தாள், அவர் கேட்காமலே. ரோஜா நிறப் பூப்புதர்கள் பாதைவரை இறங்கியிருந்தன. பசுக்களின் மணியோசை எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

உச்சியில் ஏரியைத் தாண்டி எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"எறங்கிக் கும்பிட்டுக்கணுமா?"

"ஓட்டு."

தெற்குப் பாதை அவர் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. முதல் வளைவுக்கு முன்பே ஒரு வடிகால் கம்பிச்சட்டம் சரளையால் அடைத்துக்கிடப்பதைக் கண்டார். கண்டதும் சின்னப் பிள்ளைபோல இருக்கையில் துள்ளினார்.

"பாத்தியா! பாத்தியா! ஜூலையில இப்படி! இதைத்தான் நான் அன்னிக்கே..."

"பாத்தேன். ஒரு கைப்பிடி சரளை. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் நீளமாக ஒரு தடுப்புச் சுவர் வந்தது. ஒனேசிம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"நிறுத்து," என்றார்.

சுவரில் துளைகள் இருந்தன. ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு தட்டைக் கல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சரிவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து.

அவர் இறங்கிப்போய் முதல் நாக்கைத் தொட்டார். பிறகு அடுத்ததை. சுவரின் கடைசிவரை தொட்டுக்கொண்டே நடந்தார். அதெலின் வண்டியை அவருக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே வந்தாள். அவருடைய கல் வைக்கும் முறை. அவருடைய சாய்வு. எது உடைந்தது, எது புதுசு என்று பார்த்தார். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

"திருட்டுப் பய," என்றார் கடைசியில். குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

"கல்யாணத்துல சிரிச்சானே," என்றாள் அதெலின். "சிரிச்சுக்கிட்டே அளந்துட்டுப் போயிருக்கான்."

அதற்குப்பிறகு வழியெல்லாம் இதே கதைதான். பழைய சுவர், புதுச் சுவர், பாலத்தின் பக்கச் சுவர், ஓடைக்கரை, எதைப் பார்த்தாலும் நாக்கு. மலை முழுவதும் அவரைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே வந்தது. அதெலினுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டி ஒருமுறை கோணலாகப் போயிற்று.

ஓர் ஓடைக்கருகில் அவர் மறுபடி நிறுத்தச் சொன்னார். இங்கே துளையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். நாக்கின் நடுவே விரல் அகலத்தில் நீளப் பள்ளமாக ஒரு காடி, துளையிலிருந்து நுனிவரை உளியால் வெட்டியிருந்தார்கள். நுனியில் சின்ன வெட்டு. மேலே முதல் சுவரிலும் இது விரலில் பட்டதுதான், உளித்தடம் என்று விட்டுவிட்டார். தண்ணீர் கல்லின்மேல் பரவாமல், நூல் பிடித்தாற்போலக் காடிக்குள்ளேயே ஓடி, வெட்டில் வந்து, ஒரே தாரையாகத் தள்ளி விழுந்தது. அவருடைய நாக்குகளில் தண்ணீர் கல் முழுவதும் பரவும். பரவுகிற தண்ணீர் உறையும். உறைந்தது கனத்துத் தொங்கும். தொங்கினால் நாக்கு ஒடியும். ஒவ்வொரு ஜூனிலும் புதுக்கல் வைத்துக்கொண்டே இருந்தவருக்கு, ஒடியாமல் செய்ய ஒரு காடி போதும் என்று தோன்றவே இல்லை.

அவர் காடியில் விரலை வைத்து நுனிவரை இழுத்துப் பார்த்தார்.

அடுத்து வந்த சான்-ரெமியில், தேவாலயத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி சாப்பிட்டார்கள். அதெலின் சாப்பிட்டாள். அவர் கையில் வைத்திருந்தார்.

"என்ன யோசனை? நம்மகிட்டேருந்து திருடினதுதானே. அதையே சொல்லு. நம்ம யோசனை, அதனால நம்ம பாதைதான் ஒசத்தி. பொய்யும் இல்லை."

"பொய்யில்லைதான்."

"அப்புறம் என்ன?"

"அவன் காடி வெட்டியிருக்கான், அதெலின். எனக்குத் தோணலையே."

"நீ அதைக் கவனிச்சேன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் கவனிச்சுட்டேனே."

அவள் அவர் ரொட்டியை வாங்கிக் காகிதத்தில் சுற்றிவைத்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியும், இதற்குமேல் தள்ளினால் அவர் வேறு ஆளாகிவிடுவார். அந்த ஆளை அவள் கட்டிக்கொள்ளவில்லை.

எத்ரூப்லில் மதிய வெயிலில், கல்தொட்டிக்கு எதிரே நீள மேசை போட்டிருந்தார்கள். தெற்குக் கூட்டம் முழுவதும் குடும்பத்தோடு வந்திருந்தது. இலாரியோவின் மனைவி தெல்ஃபினா, ரொட்டியும் முட்டைக்கோஸும் பாலாடைக்கட்டியும் அடுக்கி அடுப்பில் வேகவைத்த கெட்டிச் சூப்பைத் தட்டு நிறையப் பரிமாறினாள். யாரும் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமென்றே மழையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசினார்கள். ஒனேசிமுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் கிண்ணம் வந்தது. மரத்தில் கடைந்த, சுற்றிலும் பல மூக்குகள் வைத்த கிண்ணம். அதில் சாராயமும் காப்பியும் சர்க்கரையும் ஊற்றி, மேலே நெருப்பு வைத்து அணைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். ஆளுக்கொரு மூக்கில் குடித்துவிட்டுக் கைமாற்ற வேண்டும். காலியாகும்வரை மேசையில் வைக்கக் கூடாது. இந்த மேசையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கிண்ணம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஏதாவது பேச வேண்டும். ஒருவன் மாமியாரைத் திட்டினான். ஒருவன் பாடினான். இலாரியோ குடித்துவிட்டு, பக்கத்திலிருந்த ஒனேசிமிடம் நீட்டினார்.

"சொல்லுய்யா," என்றார் மெதுவாக.

ஒனேசிம் குடித்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அதெலின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல முதல் வளைவுக்கு முன்னாடி ஒரு வடிகால் அடைச்சுக் கெடக்கு," என்றார்.

மேசையில் சிரிப்பு ஓடி அடங்கியது. அவர் உட்காரவில்லை.

"என் பாதையில நாக்கு ஒடியும். வருஷா வருஷம் மாத்துவேன். இங்க ஒண்ணுகூட ஒடியலை. நான் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தேன். காடி வெட்டினவன் தண்ணியை என்னைவிட நல்லாப் பாத்திருக்கான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க பாதை என் பாதையைவிட ஒசத்தி."

இத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்த இலாரியோ கைதட்டவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லேன், ஒனேசிம். தெல்ஃபினாவுக்குக் காது மந்தம்," என்றார். ஆனால் குரல் கிண்டலுக்கு ஒத்துழைக்கவில்லை.

"எனக்கு நல்லாவே கேட்டுச்சு," என்றாள் தெல்ஃபினா.

மேசையின் மறுகோடியில் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி குழப்பத்தோடு எழுந்தாள். நீவெஸ் என்று பெயர். பனி வாரும் பெரிய எந்திரத்தை ஓட்டுகிறவள். எல்லைக்கல் விருந்தின்போதும் எந்திரத்தைவிட்டு இறங்காதவள்.

"ஒரு நிமிஷம். இவர் பேரு என்ன சொன்னீங்க?"

"ஒனேசிம்," என்றாள் அதெலின்.

"மனுஷன் பேரா அது?" என்றாள் நீவெஸ். "கல்லோட பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! நான் வேலைக்குச் சேந்த அன்னிலேருந்து 'அந்தத் துளைக்கு ஒரு ஒனேசிம் வை', 'இந்த ஒனேசிம் கோணலா இருக்கு, எடுத்து மாத்து'ன்னுதானே இவர் கத்திட்டிருக்கார்! என் பிள்ளைங்ககூட அப்படித்தான் சொல்லுதுங்க!"

மேசை முழுவதும் இலாரியோவைப் பார்த்தது. அவருடைய முகம் அவருடைய ஒயினைவிடச் சிவந்தது.

"வேற என்னன்னு கூப்பிடறதாம்?" என்று சீறினார். "நாக்குன்னா பசங்க சிரிக்கறானுங்க. அவன் கல்லு, அவன் பேரு. இதுல என்ன இருக்கு?"

ஒனேசிமின் கையில் கிண்ணம் இருந்தது. அவர் பேச வேண்டும். கீழே பாதை பிரியும் இடத்திலிருந்து மேலே எல்லைக்கல்வரை, அதுதான் தன் ஆயுள் என்று அவர் நினைத்திருந்தார். இங்கே எல்லைக்கல்லுக்கு அப்பால், அவர் ஒரு நாளும் கால்வைக்காத மலையில், அவர் பெயர் சுவர் சுவராகப் பனியிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருந்தது. ஒடியாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்ததை அதெலின் பார்த்தாள். மகன் பிறந்த அன்று பார்த்ததற்குப்பிறகு இப்போதுதான்.

"கிண்ணத்தை நகத்துய்யா," என்றார் இலாரியோ. "ஆறிப்போகுது."

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் சாவகாசமாக ஆவோஸ்தாவுக்குப் போய்ச் சந்தையைச் சுற்றினார்கள். ஒரு பை செர்ரிப்பழம் வாங்கினார்கள். திரும்பும்போது சுரங்க வழியா, கணவாய் வழியா என்று அதெலின் கேட்கவில்லை. எத்ரூப்லில் இலாரியோ வீட்டுமுன் மட்டும் ஒனேசிம் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்வந்தவரின் கையில் ஒரு பழைய உளியும் சுத்தியலும் இருந்தன.

எல்லைக்கல்லைத் தாண்டி, வடக்குப் பக்கத்து முதல் சுவருக்கு வந்ததும் ஒனேசிம் இறங்கினார். நாக்கு ஒன்றின்மேல் பென்சிலால் கோடு கிழித்துக் காடி வெட்டத் தொடங்கினார். அதெலின் வண்டிக்கதவைத் திறந்துவைத்துச் செர்ரிப்பழம் தின்றுகொண்டு, கொட்டைகளைப் பள்ளத்தில் துப்பிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாதைப் பணியின் ஆரஞ்சு நிற லாரி கீழேயிருந்து வந்து நின்றது. அவருடைய பழைய கூட்டாளிகள். முந்தின நாளே போனில் சேதி வந்திருந்த புர்-சான்-பியர் காப்பிக்கடை வழியாக வந்திருந்ததால் அவர்களுக்கு விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது.

"தோத்துட்டீங்களாமே!" என்றான் ஓட்டிவந்தவன். "ரிட்டயர் ஆன ஆளு, இங்க என்ன பண்றீங்க?"

ஒனேசிம் காடியிலிருந்த கல்தூளை ஊதிவிட்டு, அடுத்த நாக்குக்கு நகர்ந்தார்.

"ஒனேசிமுக்கு ஒரு இலாரியோ போட்டுட்டிருக்கேன்," என்றார். "எறங்கு. லாரியில இன்னொரு உளி இருக்கும்."